தூண்டலின் தாளம்

1966-ஆம் ஆண்டு ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் டெர்யே லோமோ என்ற இளம் ஆய்வாளர், மயக்க மருந்து கொடுத்த முயல்களின் மூளையில் மின்துடிப்புகளைச் செலுத்தி அளந்துகொண்டிருந்தார். கடற்படையில் மருத்துவராக இருந்துவிட்டு, முனைவர் பட்டத்துக்காகப் பெர் ஆண்டர்சனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர் அவர். கையில் எடுத்திருந்த கேள்வி சிறியது. ஒரு நரம்புப் பாதையில் துடிப்புகளை வேகமாக அடுக்கினால், அந்த அடுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுமுனைச் செல்களின் பதில் பெரிதாகும். அது அப்போதே தெரிந்த சங்கதி. எந்த வேகத்தில் எவ்வளவு பெரிதாகும் என்பதைத்தான் அவர் பார்க்க நினைத்தார்.

அளக்க எடுத்துக்கொண்ட இடம் ஹிப்போகாம்பஸ். காதுக்கு உட்புறம் ஆழத்தில், மூளையின் இரு பக்கமும் சுருண்டு கிடக்கும் பகுதி. நரம்பியலாளர்களுக்கு அது பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் அதன் ஒழுங்கு. நரம்பிழைகள் ஒரு பக்கமாக உள்ளே வருகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ளும் செல்கள் ஒரே அடுக்கில் நெருக்கமாக வரிசைகட்டி நிற்கின்றன. ஆகவே வெளியே வைத்த ஒற்றை மின்முனையால் ஆயிரக்கணக்கான செல்களின் பதிலைச் சேர்த்துக் கேட்க முடியும்.

லோமோ சில வினாடிகள் வேகமான துடிப்பு வரிசையைக் கொடுத்தார். நிறுத்தினார். சற்றுப் பொறுத்து, வழக்கமான ஒற்றைச் சோதனைத் துடிப்பைக் கொடுத்தார். பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டிய பதில் திரும்பவில்லை. முன்பைவிடப் பெரிதாகவே நின்றது. அடுத்தடுத்த சோதனைத் துடிப்புகளுக்கும் அப்படியே. வரிசைகளை மறுபடி மறுபடி கொடுத்தபோது ஏற்றம் இன்னும் நிலைத்தது. சில வினாடித் தூண்டலுக்கு வெகுநேரம் நீளும் விளைவு. அந்த ஆண்டே பின்லாந்தின் துர்க்கு நகரில் நடந்த உடலியல் கூட்டம் ஒன்றில் அவர் இதைச் சுருக்கமாகச் சொன்னார். பெரிய பரபரப்பு எதுவும் எழவில்லை.

பரபரப்பு எழுந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். 1949-இல் கனடா உளவியலாளர் டொனால்ட் ஹெப் ஒரு கருத்தை வைத்திருந்தார். ஒரு நியூரான் இன்னொன்றைத் தூண்டிச் சுட வைப்பதில் மீண்டும் மீண்டும் பங்கெடுத்தால், அவ்விரண்டுக்கும் இடையே உள்ள இணைப்பு வலுப்பெற வேண்டும்; கற்றல் என்பதன் உடல்சார் அடிப்படை அதுவாகவே இருக்கும் என்றார். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் வலிப்பு நோய்க்காக ஹென்றி மொலெய்சனின் இரு ஹிப்போகாம்பஸ்களிலும் பெரும்பகுதி வெட்டி எடுக்கப்பட்டது. அதன் பிறகு அவரால் எந்தப் புதிய நிகழ்ச்சியையும் நினைவில் நிறுத்த முடியவில்லை. பிரெண்டா மில்னர் அதை 1957-இல் விரிவாகப் பதிவு செய்துவிட்டார். ஹெப் கேட்ட மாற்றமும் மொலெய்சன் இழந்த உறுப்பும் லோமோவின் மின்முனைக்குக் கீழே ஒன்றாகக் கிடந்தன.

அதை உடனே புரிந்துகொண்டவர் லண்டனிலிருந்து 1968-இல் ஆஸ்லோ வந்த டிம் பிளிஸ். அவருடைய நாட்டம் முதலிலிருந்தே நினைவின் மேல்தான். இருவரும் சேர்ந்து, தூண்டப்பட்ட பாதையோடு தூண்டப்படாத ஒரு பாதையையும் ஒப்பீட்டுக்காகக் கண்காணித்தபடி முறையாகச் செய்து பார்த்தார்கள். வினாடிக்கு 10 முதல் 20 துடிப்புகள் என 10, 15 வினாடிகளுக்கு. அல்லது வினாடிக்கு 100 என 3, 4 வினாடிகளுக்கு. 18 முயல்களில் 15 முயல்களிடம் பதில் வலுப்பெற்றது. அரைமணி நேரத்திலிருந்து 10 மணிநேரம் வரை வலு நீடித்தது. கட்டுரை 1973-இல் வெளியானது. மயக்கமில்லாத முயல்களில் செய்த துணை ஆய்வில் விளைவு நாள்கணக்கில் நின்றது. நீடித்த வலுவேற்றம் என்ற பொருளில் எல்டிபி என்ற பெயர் இரண்டு ஆண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது. லோமோவோ அதற்குள் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்.

சில வினாடி மின்சாரம் மணிக்கணக்கான மாற்றமாக எப்படி ஆகிறது? இதற்கான விடை அடுத்த பத்தாண்டில் வந்தது. மூளை ஆராய்ச்சி முழுவதிலும் இதைவிட அழகான விடையை நான் படித்ததில்லை.

இரண்டு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் செய்தி குளூட்டமேட் என்ற வேதிப்பொருளாகக் கடக்கிறது. அதை வாங்கும் செல்லின் மேற்பரப்பில் முக்கியமாக இரண்டு வகை ஏற்பிகள் இருக்கின்றன. ஆம்பா என்ற வகை அன்றாட வேலைக்கு. குளூட்டமேட் வந்து தொட்டதும் திறக்கும், சோடியம் உள்ளே போகும், செல் சிறிது கிளர்ச்சியடையும். என்எம்டிஏ என்ற இரண்டாவது வகை குளூட்டமேட் தொட்டாலும் ஒன்றும் கடத்தாமல் இருக்கும். அதன் வாயிலில் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று 1984-இல் பாரிஸிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் காட்டின. வாங்கும் செல் ஏற்கெனவே பலமாகக் கிளர்ந்திருந்தால் மட்டுமே மின்னழுத்த மாற்றம் அந்த மக்னீசியத்தை வெளியே தள்ளும். வங்கி லாக்கருக்கு வாடிக்கையாளரின் சாவி ஒன்று, மேலாளரின் சாவி ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் திரும்பினால்தான் கதவு திறக்கும். இங்கே அனுப்பும் செல்லின் சாவி குளூட்டமேட், வாங்கும் செல்லின் சாவி அதன் சொந்தக் கிளர்ச்சி. ஹெப் காகிதத்தில் எழுதிய நிபந்தனையை ஒரு புரத மூலக்கூறு தன் உடலமைப்பிலேயே வைத்திருக்கிறது.

இப்போது வேகம் ஏன் முக்கியம் என்பது தெளிவாகும். துடிப்புகள் தனித்தனியாக வந்தால், ஒவ்வொன்றின் கிளர்ச்சியும் அடுத்தது வருவதற்குள் அடங்கிவிடும். நெருக்கமாக வந்தால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செல்லின் மின்னழுத்தம் மக்னீசியத்தைத் தள்ளும் அளவுக்கு உயரும். அப்போது என்எம்டிஏ வழியே கால்சியம் பெருக்கெடுத்து உள்ளே வரும். கால்சியம் சில நொதிகளை முடுக்கிவிடும். அந்த நொதிகள் ஆம்பா ஏற்பிகளைத் திருத்தும், புதிய ஏற்பிகளைக் கொண்டுவந்து சினாப்ஸில் பதிக்கும். அடுத்த முறை அதே அளவு குளூட்டமேட் வந்தாலும் பதில் பெரிதாக இருக்கும். மாற்றம் மணிக்கணக்கைத் தாண்டி நிலைக்க வேண்டுமென்றால் செல் புதுப் புரதங்களைத் தயாரிக்கவும் வேண்டும்.

என்எம்டிஏ ஏற்பியைத் தடுக்கும் ஏபி5 என்ற வேதிப்பொருளைக் கொடுத்தால் எல்டிபி உண்டாவதில்லை என்று கிரஹாம் காலிங்ரிட்ஜும் அவருடைய சகாக்களும் 1983-இல் கண்டார்கள். அதே பொருளை ரிச்சர்ட் மோரிஸ் எலிகளின் மூளைக்குள் செலுத்தி, கலங்கிய தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டார். நீருக்குள் மறைந்திருக்கும் மேடை எங்கே என்று மற்ற எலிகள் சில முறையிலேயே கற்றுக்கொண்டன. ஏபி5 பெற்ற எலிகளால் அந்த இடத்தை மனத்தில் வாங்க முடியவில்லை. அந்த ஆய்வு 1986-இல் வந்தது. பிளிஸ், காலிங்ரிட்ஜ், மோரிஸ் மூவருக்கும் 2016-இல் மூளை ஆய்வுக்கான பிரெயின் பரிசு சேர்ந்து கிடைத்தது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால், திரும்பத் திரும்பத் தூண்டினால் இணைப்பு வலுக்கும் என்று தோன்றும். பல பிரபலப் புத்தகங்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன. அது பாதி உண்மை. மறுபாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் லியோன் கூப்பர் என்ற இயற்பியலர் இருந்தார். மீகடத்தல் கோட்பாட்டுக்காக 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பிறகு மூளையின் பக்கம் திரும்பினார். 1982-இல் அவரும் எலி பியனன்ஸ்டாக், பால் மன்ரோ இருவரும் ஒரு கணிதக் கோட்பாட்டை முன்வைத்தார்கள். இணைப்புகள் வலுத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எல்லாமே உச்சத்தில் போய் முட்டி நிற்கும், புதிதாக எதையும் பதிக்க இடமிருக்காது. ஆகவே வாங்கும் செல்லின் கிளர்ச்சிக்கு ஒரு வரம்பு இருக்க வேண்டும். வரம்புக்கு மேலே போனால் இணைப்பு வலுக்க வேண்டும், கீழே தங்கினால் தளர வேண்டும். அந்த வரம்பும் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. செல் கடந்த காலத்தில் எவ்வளவு வேலை செய்தது என்பதைப் பொறுத்து அது ஏறி இறங்க வேண்டும்.

அதே பல்கலைக்கழகத்தில் செரீனா டுடெக்கும் மார்க் பேரும் 1992-இல் இதைச் சோதித்தார்கள். எலி ஹிப்போகாம்பஸின் மெல்லிய சீவலை உயிரோடு வைத்து, ஒவ்வொரு முறையும் 900 துடிப்புகள் கொடுத்தார்கள். எண்ணிக்கையை மாற்றவில்லை, வேகத்தை மட்டும் மாற்றினார்கள். வினாடிக்கு 50 வீதம் கொடுத்தபோது இணைப்பு வலுத்தது. வினாடிக்கு 10 வீதம் கொடுத்தபோது குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. வினாடிக்கு 1 முதல் 3 வரை என்று மெதுவாகக் கொடுத்தபோது இணைப்பு தளர்ந்தது, அந்தத் தளர்ச்சி நீடித்தது. மெதுவான தூண்டலில் என்எம்டிஏ வழியே கால்சியம் சிறிதளவே கசிகிறது. அந்தச் சிறிதளவு வேறு வகை நொதிகளை எழுப்பி, ஆம்பா ஏற்பிகளைச் சினாப்ஸிலிருந்து விலக்கச் செய்கிறது. அதே வாயில், அதே அயனி. அளவு மாறும்போது விளைவு தலைகீழாகிறது.

இது வெறும் ஆய்வகச் சீவலின் குணம் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் சான் டியாகோவில் ராபர்டோ மலினோவின் குழு உயிருள்ள எலிகளில் இதைச் செய்து காட்டியது. ஒலிச் செய்தியை அச்சத்தின் மையமான அமிக்டலாவுக்குக் கொண்டுபோகும் நரம்பிழைகளை, ஒளி பட்டால் இயங்கும்படி மரபணு மாற்றம் செய்தார்கள். அந்த ஒளியைக் காலில் மின்னதிர்ச்சியோடு இணைத்துக் கொடுத்தார்கள். பிறகு ஒளி மட்டும் பட்டாலே எலி அஞ்சியது, செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியது. அடுத்து அதே இழைகளை ஒளியால் வினாடிக்கு ஒன்று வீதம் மெதுவாகத் தூண்டினார்கள். அச்சம் போய்விட்டது. வினாடிக்கு 100 என்ற வேகத்தில் தூண்டினார்கள். அச்சம் திரும்பி வந்தது. மின்னதிர்ச்சியை மறுபடி கொடுக்கவே இல்லை. ஒரு நினைவை அணைத்து மறுபடி ஏற்ற முடிந்தது, வேகத்தை மாற்றியதால் மட்டும்.

வேகத்தைப் போலவே வரிசையும் பேசுகிறது. குவோச்சியாங் பி, முமிங் பூ இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டு நியூரான்களை வினாடிக்கு ஒருமுறை, மொத்தம் 60 முறை இணையாகச் சுட வைத்தார்கள். அனுப்பும் செல் சுட்டு 20 மில்லிவினாடிக்குள் வாங்கும் செல் சுட்டால் இணைப்பு வலுத்தது. வரிசையை மாற்றி, வாங்கும் செல்லை முதலில் சுட வைத்தால் தளர்ந்தது.

அப்படியானால் மூளை தானாக இயங்கும்போது எந்தத் தாளத்தில் தன்னைத் தூண்டிக்கொள்கிறது? எலி புதிய இடத்தை முகர்ந்து சுற்றித் திரியும்போது அதன் ஹிப்போகாம்பஸில் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து முதல் பத்து முறை எழுந்து விழும் ஓர் அலை ஓடும். தீட்டா என்பது அதன் பெயர். கலிபோர்னியாவின் இர்வைனில் கேரி லிஞ்ச்சின் ஆய்வகம் 1980-களில் இந்த அலையைப் போலவே தூண்டிப் பார்த்தது. நாலைந்து வேகத் துடிப்புகள், பிறகு ஓர் இடைவெளி, மறுபடி நாலைந்து துடிப்புகள். இடைவெளி 200 மில்லிவினாடியாக இருந்தபோது எல்டிபி மிகச் சிறப்பாக உருவானது. முதல் துடிப்புக் கொத்து, கிளர்ச்சியை அடக்கும் செல்களையும் எழுப்பிவிடுகிறது. அந்த அடக்கிகள் வெளியிடும் பொருள் அவற்றையே திரும்பத் தடுக்கிறது; அந்தத் தடை ஏறக்குறைய 200 மில்லிவினாடியில் உச்சத்தில் இருக்கிறது. சரியாக அந்த நேரத்தில் வரும் இரண்டாவது கொத்துக்கு எதிர்ப்புக் குறைவு.

அதே ஆய்வகம் 2012-இல் இன்னொன்றையும் வெளியிட்டது. முழு அளவு வலுவேற்றம் உண்டாக்கிய பிறகு பத்து நிமிடத்தில் அதே தூண்டலை மறுபடி கொடுத்தால் எதுவும் கூடவில்லை. ஒரு மணிநேரம் விட்டுக் கொடுத்தால் வலு இரட்டிப்பானது. முதல் தூண்டலில் மாறாமல் நின்றுபோன சினாப்ஸ்கள் அந்த இடைவெளியில் தயாராகி, இரண்டாவது முறை சேர்ந்துகொள்கின்றன. இடைவெளி விட்டுப் படிப்பது ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட நிலைக்கும் என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இலேயே எழுதினார். குழந்தைகளை இரவு முழுக்க ஒரே பாடத்தைச் சொல்ல வைக்கும் பெற்றோர்களும் ஆசிரியர்களும் இந்த ஒரு மணிநேரக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இடைவெளியின் வலிமைக்கு இருண்ட பக்கமும் உண்டு. கனடாவில் கிரஹாம் கோடார்ட் 1960-களில் எலிகளின் அமிக்டலாவில் மின்முனை வைத்து, நாளுக்கொரு முறை மிக மெல்லிய தூண்டல் கொடுத்துவந்தார். அவர் ஆராய்ந்தது கற்றலை. தொடக்க நாள்களில் எலியிடம் எதுவும் தெரியவில்லை. நாள்கள் செல்லச் செல்ல முகம் துடித்தது, தலை ஆடியது. இரண்டு வாரம் போல ஆனதும், முதல்நாள் எதையும் செய்யாத அதே மெல்லிய தூண்டலுக்கு எலி முழு வலிப்பில் விழுந்தது. வாரக்கணக்கில் சும்மா விட்டு வைத்துப் பிறகு தூண்டினாலும் வலிப்பு வந்தது. மின்முனை மட்டும் இருந்து மின்சாரம் பாயாத எலிகளுக்கு எதுவும் வரவில்லை. ஆகவே அது காயத்தின் விளைவாக இருக்க முடியாது. இடைவிடாமல் தூண்டியபோதோ வலிப்பு வளரவில்லை. நாளுக்கொரு முறை என்ற நிதானமே நரம்புச் சுற்றுக்கு வலிப்பைக் கற்றுக்கொடுத்தது.

மனிதரின் வலிப்பு நோயும் இப்படித்தான் வளர்கிறது என்று சொல்ல ஆதாரம் போதாது. ஆனால் இந்த எலிகள் மருத்துவத்துக்கு உதவின. லெவெடிராசெட்டம் என்ற மருந்து, வலிப்பு மருந்துகளைச் சலிக்கும் இரண்டு வழக்கமான சோதனைகளில் தோற்றது. கோடார்டின் முறையில் தயாரான எலிகளிடம் வேலை செய்தது. இன்று உலகெங்கும் அதிகம் எழுதப்படும் வலிப்பு மருந்துகளில் அதுவும் ஒன்று.

ஒரே தூண்டலுக்கு மூளையின் இரு சுற்றுகள் ஒரே மாதிரிப் பதில் சொல்லவும் வேண்டியதில்லை. பெங்களூருவின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சத்தர்ஜியின் குழு எலிகளை நாளுக்கு 2 மணிநேரம், 10 நாள்களுக்கு அசைய விடாமல் வைத்தது. 2002-இல் வெளியான முடிவு: ஹிப்போகாம்பஸ் நியூரான்களின் கிளைகள் சுருங்கியிருந்தன, அமிக்டலா நியூரான்களின் கிளைகள் வளர்ந்திருந்தன. இரண்டாண்டு கழித்து அவர்கள் சேர்த்ததுதான் மனத்தைக் கனக்கச் செய்கிறது. எலிகளுக்கு 21 நாள் ஓய்வு கொடுத்தபோது ஹிப்போகாம்பஸ் மீண்டது. அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் அப்படியே இருந்தன. அன்றாடம் அச்சுறுத்தலில் வாழ்ந்தவர்களிடம் ஆபத்து நீங்கிய பிறகும் ஏன் பயம் நீங்கவில்லை என்று கேட்பவர்கள் இந்த முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

கூப்பரின் கோட்பாட்டில் இன்னொரு பகுதி மிச்சம் இருக்கிறது: வரம்பு நகர வேண்டும் என்பது. மார்க் பேரின் குழு 1996-இல் இருட்டிலேயே வளர்த்த எலிகளின் பார்வைப் புறணியை, அதாவது பார்வையைக் கையாளும் மூளை மேலடுக்கை, சோதித்தது. வேலையில்லாமல் கிடந்த அந்தச் சுற்றில் இணைப்பை வலுவாக்குவது எளிதாகவும் தளர்த்துவது கடினமாகவும் இருந்தது. இரண்டே நாள் வெளிச்சத்தில் விட்டதும் அது வழக்கமான நிலைக்கு வந்துவிட்டது. ஒரு தூண்டல் என்ன செய்யும் என்பது தூண்டலுக்கு முன்பு அந்தச் சுற்று எப்படி வாழ்ந்தது என்பதையும் சார்ந்திருக்கிறது.

மனிதரிடம் வரும்போது இந்த உண்மை சிகிச்சையையே பாதிக்கிறது. மண்டையோட்டுக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்து, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் என்ற கருவி 1985 முதல் இருக்கிறது. யிங்சு ஹுவாங், ஜான் ராத்வெல் முதலியோர் 2005-இல் லண்டனில் லிஞ்ச்சின் தீட்டாக் கொத்தை இதில் பயன்படுத்தினார்கள். 600 துடிப்புகளை 40 வினாடியில் தொடர்ந்து கொடுத்தால் கைத்தசையை இயக்கும் புறணியின் பதில் அடங்கியது. அதே 600-ஐ 2 வினாடி கொடுத்து 8 வினாடி நிறுத்தி என்று மூன்று நிமிடத்துக்குப் பரப்பினால் பதில் உயர்ந்தது. மனச்சோர்வு நோய்க்கு இந்த மூன்று நிமிட முறையும், 37.5 நிமிடம் பிடிக்கும் பழைய முறைக்குக் குறையாத பலன் தருகிறது என்று கனடாவில் 414 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2018-இல் காட்டியது. ஒரே கருவியில் ஒரு நாளைக்குப் பல மடங்கு பேருக்குச் சிகிச்சை தரலாம் என்பது வசதி குறைந்த மருத்துவமனைகளுக்குப் பெரிய செய்தி.

ஆனால் 2013-இல் ராத்வெல்லின் குழுவே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களிடம் ஹுவாங்கின் இரு முறைகளையும் திரும்பச் செய்தபோது, எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் சராசரி விளைவு எதுவும் இல்லை. சிலருக்கு உயர்ந்தது, சிலருக்கு அடங்கியது. காந்தத் துடிப்பு அவரவர் புறணியில் எந்த நியூரான்களை எழுப்புகிறது என்பதைக் கொண்டு அந்த வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதியை விளக்க முடிந்தது.

ஆகவே ஜெர்மனியின் டூபிங்கனில் உல்ஃப் ஸீமனின் குழு வேறு வழியில் போனது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, மூளையலையை அந்தந்த நொடியிலேயே கணினியால் படித்து, அலை தாழ்ந்திருக்கும் கணத்தில் மட்டும் காந்தத் துடிப்பைக் கொடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவின்படி, பள்ளத்தில் கொடுத்த துடிப்புகள் இயக்கப் புறணியின் பதிலை உயர்த்தின. அதே துடிப்புகளை முகட்டிலோ ஒழுங்கில்லாமலோ கொடுத்தபோது அந்த உயர்வு வரவில்லை. மூளை எப்போது கேட்கத் தயாராக இருக்கிறது என்பதைப் பார்த்துத் தூண்டும் இந்த முறையை மனச்சோர்வு, பக்கவாதம் ஆகியவற்றுக்குக் கொண்டுபோகும் முயற்சிகள் இப்போது நடக்கின்றன.